காலாண்டு லீவு வரைக்கும்

முத்திருளன் வண்டியூரில் பதினாறு வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவர் வண்டியில் பிள்ளையை ஏற்றிவிட்டால் கவலையில்லை என்று ஊரில் பேர். கவலை முழுவதையும் அவரே பட்டுக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

ஆடி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம், பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனைப் பள்ளி வளாகத்தில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் திரும்பி நடந்தார். சீட்டுக்கு அடியில் எந்தப் பிள்ளையாவது தூங்கிக் கிடந்தால்? போய்ப் பார்த்தார், வேன் காலி. வீட்டுக்கு வந்தார். மறுபடியும் போனார். மூன்றாவது தடவை காவலாளி சிரித்துவிட்டார்.

“என்னண்ணே, உள்ள புதையல் கிதையல் வச்சிருக்கீகளா?”

ஒரு வருஷமாகவே இப்படித்தான். மனைவி செல்லக்கிளி போன் எடுக்கத் தாமதமானால் விபத்து. மகள் இருமினால் பெரிய வியாதி. மார்பு படபடக்கும், கழுத்து இறுகும், தூக்கம் பிடிக்காது. மூன்று முறை ஈசிஜி எடுத்தும் ஒன்றும் இல்லை. மெஷினுக்கே பிடிபடாத நோயோ என்று அதுவும் ஒரு கவலையாகிவிட்டது. கடைசியில் இதய டாக்டரே மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஒன்பது நாள் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து செல்லக்கிளி அதை எடுத்தாள்.

“என்னையப் பைத்தியம்னு எழுதிட்டாக புள்ள.”

“அப்படியா எழுதியிருக்கு? டாக்டரப் பாருங்கன்னுதேன் எழுதியிருக்கு. நாளைக்கே போறோம்.”

மனநல டாக்டரம்மா அரைமணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, “இது பதற்ற நோய். நெறையப் பேருக்கு வருது, சரி பண்ணலாம்” என்றார். வாரம் ஒருமுறை கவுன்சிலிங் வரலாம்; இல்லை, மாத்திரை எடுக்கலாம்; இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். “யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசிப்பதுதானே அவருக்கு வியாதி! நான்கு நாள் போனில் வீடியோ பார்த்தார். மாத்திரையைத் தொட்டால் ஆயுசுக்கும் விடாது என்றார் ஒருவர். மூச்சுப் பயிற்சியே போதும் என்றார் இன்னொருவர். பார்க்கப் பார்க்கப் படபடப்புதான் ஏறியது. கூட வேன் ஓட்டும் சேக் இஸ்மாயிலிடம் மட்டும் மெல்லச் சொன்னார்.

“மாப்ள, நான் சுகருக்கு மாத்திரை போடுறேன். அதுக்கு வெக்கப்பட்டேனா? ஆனா நீ பிள்ளைகள ஏத்துறவன். கண்ணு சொக்குமான்னு அந்த டாக்டர்கிட்டயே கேளு. போன்ல வீடியோ பாத்துக்கிட்டு இருக்காத.”

முத்திருளன் பதினோரு கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனார். டாக்டரம்மா ஒன்றையும் தள்ளவில்லை. இது அடிமையாக்கும் மாத்திரை இல்லை. ஆனால் நினைத்தபோது நிறுத்தக்கூடாது. பலன் தெரிய சில வாரம் ஆகும். தொடக்கத்தில் குமட்டலாம், சிலருக்குத் தூக்கக் கலக்கமும் வரலாம்.

“அப்ப ஒண்ணு செய்யலாங்களா?” என்றார் முத்திருளன். “இப்ப கவுன்சிலிங் வாரேன். பத்தலைன்னா காலாண்டு லீவுல மாத்திரைய ஆரம்பிக்கிறேன். அப்ப வண்டி ஓடாது.”

“நல்ல யோசனை” என்றார் டாக்டரம்மா. பல மாதங்களுக்குப் பிறகு முத்திருளன் தானாக எடுத்த முடிவு அது.

கவுன்சிலிங்கில் ஒரு பாடம் சொன்னார்கள். வேனை முழுசாக ஒரே ஒருமுறை பார்க்க வேண்டும், பிறகு திரும்பக்கூடாது. பதற்றம் ஏறும், தானாகவே இறங்கும். முதல் நாள் தெருமுனை வரை வந்தவருக்குக் கால் நகரவில்லை. ஓடிப் போய்ப் பார்த்துவிடலாம் போலிருந்தது. மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால்மணி நேரம் கழித்து மூச்சு கொஞ்சம் இறங்கியது. திரும்பிப் போகாமலே இறங்கியது! வீட்டுக்கு வந்ததும் செல்லக்கிளியிடம் அதைத்தான் முதலில் சொன்னார்.

ஆனாலும் தூக்கம் வரவில்லை, மார்புப் படபடப்பும் போகவில்லை. காலாண்டு லீவின் முதல் நாளே மாத்திரையைத் தொடங்கினார். மூன்று நாள் வயிற்றைப் புரட்டியது. நிறுத்திவிடுகிறேன் என்று அடம்பிடித்தவரை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பேச வைத்தாள் செல்லக்கிளி. சாப்பிட்ட பிறகு போடச் சொன்னார்கள், சரியாயிற்று. தூக்கக் கலக்கம் வரவில்லை. பள்ளி திறப்பதற்கு முன்னால் டாக்டரம்மா ஒருமுறை பார்த்து, வண்டி ஓட்டலாம் என்றார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில், ஒருநாள் காலை ஆறு மணிக்கு அலாரம் அடித்துத்தான் எழுந்தார்.

தை மாதத்தில் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போனார்கள். ஒன்றரை வருஷமாக எந்த ஊருக்கும் கிளம்ப ஒப்பாதவர்தான் இந்தத் தடவை பஸ்ஸுக்கு டிக்கெட்டே போட்டார். மகள் அலையை நோக்கி ஓடினாள்.

“பயமா இருக்குங்களா?” என்று கேட்டாள் செல்லக்கிளி.

“இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்” என்று வேட்டியை மடித்துக் கட்டினார் முத்திருளன். “நீ செருப்பக் கழட்டிட்டு வா.”