சித்தப்பாவின் பெயரில் வந்த கோப்பு

மாமாவுக்கு அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கவில்லை. மல்லாவியில் ஒரு கல்வி நிலையத்தில் கொம்பியூட்டர் படிப்பித்துக்கொண்டிருந்தார். கிழமை முழுவதும் படிப்பித்த களைப்புப் போதாதென்று, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலுள்ள சுகமில்லாத கொம்பியூட்டர்கள் எல்லாம் சைக்கிளின் பின்னால் கட்டுண்டு எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து சேரும். மாமா கதிரையில் சாய்ந்து, ஒரு கையால் கழுத்தைத் தடவியபடி, சந்தேகமான கோப்பின் பெயரை மட்டும் பார்ப்பார். "வைரஸ்தான், அழிக்கிறன்" என்பார். வந்தவர் தேத்தண்ணியைக் குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

அப்படியான ஒரு ஞாயிறு மத்தியானம்தான் சித்தி வந்தார். அம்மாவுக்கும் மாமாவுக்கும் தங்கை. புதுக்குடியிருப்பிலிருந்து பஸ் மாறி, வெயிலில் நடந்து வந்திருந்தார். சித்தப்பா அவுஸ்திரேலியாவுக்கென்று படகேறிப் போய் இரண்டு மாரிகாலம் கழிந்திருந்தது. அந்தப் படகில் போன எவரிடமிருந்தும் ஒரு சொல் வரவில்லை. சித்தி ஏறாத அலுவலகம் இல்லை, கேட்காத சாத்திரம் இல்லை. அழுவதைக்கூட விட்டிருந்தார். வீட்டில் பெரியவர்கள் சித்தப்பாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், பாதியில் ஒருவர் எழும்பிக் குசினி அடுப்படிக்குப் போய்விடுவார். அவ்வளவுக்கு எல்லாரும் களைத்திருந்தார்கள்.

சித்தி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அண்ணை, அவர் மெயில் போட்டிருக்கிறார்" என்றார்.

அம்மா கையிலிருந்த அகப்பையோடு ஓடிவந்தார். மெயிலோடு படமும் வந்திருக்கிறதாம். ஆனால் புதுக்குடியிருப்பில் இன்ரநெற் கடை வைத்திருந்தவர் அதைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இது படமில்லை, ஏதோ புரோகிராம், திறந்தால் கடை மெசின்கள் எல்லாம் பழுதாகிவிடும் என்றாராம். அவருக்கு என்ன தெரியும், எங்கள் அண்ணை பார்க்கட்டும் என்று சித்தி பஸ் ஏறிவிட்டார்.

மாமா மெயிலைத் திறந்தார். அனுப்பியவர் இடத்தில் சித்தப்பாவின் பெயர். முகவரியும் அவருடையதேதான். உள்ளே ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி, என் படங்களைப் பார் என்று. கீழே கோப்பு. மேலே, சித்தியின் முகவரியோடு வேறு பல முகவரிகளும் வரிசையாக இருந்தன. மாமாவின் கண் அங்கே கொஞ்சநேரம் நின்றது. பிறகு அந்த வரிசை மறையும்வரை திரையை உருட்டிவிட்டார்.

"அவர் உனக்கு இங்கிலீசில எழுதுறவரோ?" என்று அம்மா மெல்லக் கேட்டார்.

"அங்க தமிழ் அடிக்க வசதி இருக்காதாக்கும்" என்றார் சித்தி.

வழக்கமாக இந்த இடத்தில் மாமா அழித்துவிடுவார். அன்று அழிக்கவில்லை. கோப்பைத் திறக்காமல் தனியாக இறக்கி வைத்தார். பார்வைக்கு அது ஒரு படம் போலத்தான் இருந்தது. சின்னதாக ஒரு மலையும் சூரியனும் கொண்ட படக்குறி. கோப்புப் பெயரின் வால் தெரியும்படி மாமா எதையோ மாற்றினார். படத்துக்குரிய எழுத்துக்களுக்குப் பின்னால், ஒளித்திருந்த வேறு எழுத்துக்கள் வெளியே வந்தன. படத்தின் பெயரைப் போட்டுக்கொண்டு வந்த புரோகிராம்.

"அவருக்கு உதுகள் தெரியாது அண்ணை. பிழையா அனுப்பியிருப்பார்" என்றார் சித்தி.

"ஓம், இருக்கும்" என்றார் மாமா. நான் ஆச்சரியத்தோடு அவரைப் பார்த்தேன். நிலையத்தில் பிள்ளைகள் இப்படிச் சொன்னால் அவர் விடமாட்டார்.

அடுத்ததாக, பல நாட்டு வைரஸ் தடுப்புகள் ஒரே நேரத்தில் ஒரு கோப்பைச் சோதித்துச் சொல்லும் இணையத்தளத்துக்கு அதை அனுப்பினார். யன்னல் கம்பியில் கட்டியிருந்த டொங்கிள் வழியாகத்தான் எங்களுக்கு இன்ரநெற். அது ஊர்ந்து ஊர்ந்து போனது. மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிச் சுற்றித் தந்தது. அம்மா கொண்டுவந்த தேத்தண்ணி சித்திக்கு முன்னால் ஆடை கட்டியது. கடைசியில் முடிவுகள் வரிவரியாக வரத் தொடங்கின. சிவப்பு. சிவப்பு. பச்சை. மறுபடி சிவப்பு.

"பச்சை எண்டா நல்லதோ?" என்று கேட்டார் சித்தி.

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தத் தடுப்புக்கு இதைத் தெரியேல்லை, பிள்ளை. தெரியாததாலதான் பச்சை."

"நல்லதெண்டு சொல்லுறதும் இருக்குதுதானே. ஒருக்காத் திறந்து பாருங்கோ அண்ணை. என்ன பழுதானாலும் பரவாயில்லை."

மாமா மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அவரோ அலுமாரிக்கு மேலிருந்து நிலையத்தில் கழித்துவிட்ட பழைய மடிக்கணினியை இறக்கித் தூசு தட்டினார். அதில் இன்ரநெற் இல்லை. கெட்டால் முழுவதையும் அழித்துவிடலாம். கோப்பை பென் டிரைவில் ஏற்றி அதில் போட்டு, சித்தியைப் பக்கத்தில் இருத்தி, இரண்டு தரம் அழுத்தினார்.

சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. சித்தி திரைக்கு நன்றாகக் கிட்டப் போய்விட்டார். வட்டம் நின்றது. படம் எதுவும் வரவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பட்டியலை மாமா திறந்தபோது, அதில் புதிதாக ஒரு பெயர் இருந்தது. பென் டிரைவுக்குள்ளும் அதே கோப்பு வேறு வேறு பெயர்களில் குட்டி போட்டிருந்தது.

"வைரஸ்தான்! பிடிச்சாச்சு!" என்று நான் கைதட்டினேன். எனக்கு அப்போது பத்து வயது. கெட்டது பிடிபட்டால் எல்லாரும் சந்தோசப்படுவார்கள் என்று நினைத்திருந்தேன். அம்மா என் கையைப் பிடித்து அமர்த்தினார்.

மாமா கதிரையைச் சித்தியின் பக்கம் திருப்பினார். "ஆரோ அவற்ர கணக்குக்குள்ள பூந்திருக்கினம். அதில இருந்த முகவரி எல்லாத்துக்கும் இது போயிருக்கு. அவர் அனுப்பேல்லை, பிள்ளை."

சித்தி மடிக்கணினியின் மூடியில் இருந்த தூசை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் கோழி ஒன்று கத்தி ஓய்ந்தது. அதன்பிறகு, எவரும் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

"அவற்ர கணக்குக்குள்ள இருக்கிறவைக்கு, நான் பதில் போட்டா வாசிப்பினமோ?"

"வாசிக்கலாம்" என்றார் மாமா.

"அப்ப ஒண்டு எழுதித் தாங்கோ. இங்கிலீசில."

இப்படியான மெயில்களுக்கு ஒருபோதும் பதில் போடக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் மாமா. அவரே விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். சித்தி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். ஐயா, இந்தக் கணக்கு என்னுடைய அவருடையது. அவருடைய போன் உங்களிடம் இருந்தால் நீங்களே வைத்திருங்கோ. அதைத் திருப்பித் தரவேண்டாம். அவரை எங்கே கண்டீர்கள் என்று மட்டும் தயவுசெய்து சொல்லுங்கோ. மாமா ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் அடித்தார். அடித்து முடித்ததை வாசித்து, மறுபடி தமிழில் சொல்லிக் காட்டினார். கள்ளர்கள் எங்கேயோ தூரத்தில் இருந்துகொண்டு கடவுச்சொல்லை மட்டும் பிடித்திருப்பார்கள், சித்தப்பாவின் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதை அவர் சொல்லவில்லை.

பதில் வரவில்லை. சித்தப்பாவைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை.

அன்று பின்னேரம் பஸ்சுக்குப் போகும் வழியில் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவர் தெரியாமல் பிழை விட்டுவிட்டார், திருத்தவேண்டும் என்று எனக்குள் ஒரு அவதி. "சித்தி, அவங்கள் கள்ளர். கள்ளருக்கு ஏன் ஐயா எண்டு எழுதினனீங்கள்?" என்று கேட்டேன்.

"அவையை விட்டா வேற ஆரம்மா இருக்கினம்" என்றார் சித்தி.

வேறு ஆட்கள் நிறையவே இருந்தார்கள். மாமா இருந்தார், அம்மா இருந்தார், நானும் இருந்தேன். பஸ் வரும்வரை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். அந்தப் பதில் எனக்கு விளங்கவேயில்லை.