ரதி கருவாட்டுக்கு ஆசைப்பட்ட கதை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் வேஷம் போடத் தெரியாத ஒரே ஆள் என் மாமாதான். அவரைப் பிடித்துத்தான் அந்த மாசி மாதம் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டச் சொன்னார்கள்.

மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவார். “மறைச்சு வச்சா அது நாமளே இல்ல புள்ள” என்பார். ஒன்பது வயதில் எனக்கு இதைவிட வசதியான வேதம் கிடைக்கவில்லை. அக்கரப்பத்தனை மலைக் குளிரில் அம்மா குளிக்கக் கூப்பிட்டபோது, “பிடிக்காம குளிச்சா அது பொய்க் குளியல்” என்றேன். அடி மட்டும் உண்மையாகவே விழுந்தது.

ரதிக்குக் காப்புக் கட்டினால் கூத்து முடியும்வரை விரதம். மீன், இறைச்சி கூடாது. கோயிலிலேயே தங்க வேண்டும். மீறினால் காப்பை அவிழ்த்து வேறு ஆளுக்குக் கட்டிவிடுவார்கள். மாமாவோ ஆசையாக வளர்த்த மீசையையே எடுத்துவிட்டிருந்தார். இனி வேஷமும் போனால் மனுஷனுக்கு மிஞ்ச ஒன்றுமில்லை.

எட்டாம் நாள் அம்மா கருவாடு பொரித்தாள். மாமாவுக்கு அது உயிர். இரண்டு துண்டைப் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் சுருட்டிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். அவர் கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுத்தார்.

“ஐயோ... ஆசையாத்தான் இருக்கு புள்ள.”

“அப்ப தின்னுங்க மாமா.”

“வேணாம், கொண்டு போ.”

“மறைச்சா நாமளே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“நான் எங்க மறைச்சேன்? ஆசைன்னு சொல்லிட்டேன்ல. தின்னத்தான் மாட்டேன்.”

என் வேதம் கவிழ்ந்தது. அந்த ஆத்திரத்தில் லயமே கேட்கக் கத்திக்கொண்டு ஓடினேன்: “மாமா வேஷம் போடுறாரு! கருவாட்டுக்கு ஆசைப்பட்டாரு!”

கொஞ்ச நேரத்தில் தோட்டத்துத் தலைவர் கோயில் வாசலில் நின்றார். பின்னால் கொழுந்து எடுத்துத் திரும்பிய பெண்கள். மாமா ஒரு ‘இல்லை’ சொன்னால் போதும். என் பேச்சை நம்ப அங்கே ஆளில்லை.

“புள்ள சொல்றது நெசமாடா?”

“நெசந்தாங்க. ஆசைப்பட்டேன். வாயில வைக்கல.”

தலைவர் மாமாவின் காப்பையே பார்த்தார். நான் மாமாவைத் திருத்தத்தான் நினைத்தேன், தொலைக்க நினைக்கவில்லை.

கடைசி வீட்டு அத்தை கூடையை இறக்கி வைத்தார். “ஆசையே இல்லாதவனுக்கு எதுக்குங்க விரதம்? அவன் சும்மா கெடந்தாலே போதுமே!”

முதலில் பெண்கள் சிரித்தார்கள், பிறகு தலைவரும் சிரித்துவிட்டார். காப்பு கையிலேயே தங்கியது. கருவாடு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. நல்லவேளை. உண்மையைக் கத்திக்கொண்டு ஓடிய இடைவெளியில் இரண்டு துண்டையும் நானே தின்று முடித்திருந்தேன்.

மாலையில் மெதுவாக மாமாவிடம் போனேன். “நெசமான மாமா யாரு? ஆசைப்பட்டவரா, தின்னாதவரா?”

“ரெண்டு பேருக்கும் குளிருது. அந்தக் கம்பளிய எடு.”

பதில் தெரியாமல் மழுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன்.