இளவேணியின் நட்சத்திரம்

அந்த வருடம் நான் எல்லோரையும் சந்தேகித்தேன். மருதனார்மடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துத் தந்த மெல்லிய மீசைக்காரர், மழைக்கோட்டுக்குள் முகத்தை ஒளித்தபடி சைக்கிளில் போனவர், சந்தையில் வெங்காயப் பிடிகளுக்குப் பின்னால் துவாயால் தலையை மூடிக்கொண்டிருந்தவர், ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. இவர்களில் யாரோ ஒருவர் வேடம் போட்ட இளவரசி என்று உறுதியாக நம்பினேன். எனக்கு அப்போது பத்து வயது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த ஒரு தொடர்கதைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

கதையில் இரண்டு சகோதரிகள். தங்கள் தீவைப் பகைவரிடம் பறிகொடுத்துவிட்டு, அதை மீட்கத் துணை தேடி ஆண்வேடத்தில் புறப்பட்டவர்கள். மூத்தவள் முகிலரசி, குதிரை வாலில் செய்த மீசையை ஒட்டிக்கொண்டு குதிரை வியாபாரியாகிவிட்டாள். இளையவள் இளவேணி, கூந்தலைக் கத்தரித்துக் கடலில் எறிந்துவிட்டு ஓடக்காரப் பையனாகப் போனாள். அந்தக் கூந்தலைத் தின்ற மீன்களெல்லாம் பாடத் தொடங்கின என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மீன் வாங்கிய நாட்களில், அம்மா காணாத நேரமாகப் பார்த்துச் சட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்பேன். ஒருநாள் ஒரு விளைமீன் ஏதோ முனகியது போலவும் இருந்தது.

அந்தக் கதையை எழுதியவர் என் சின்னம்மா, அம்மாவின் தங்கை. கலியாணம் கட்டாமல் எங்களோடு இருந்தார், கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. ஆண் பெயர் ஒன்றைப் புனைபெயராக வைத்து எழுதியதால் அம்மாவையும் என்னையும் தவிர ஊரில் ஒருவருக்கும் விசயம் தெரியாது. சாவகச்சேரிப் பக்கத்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழுதுகிறார் என்று எல்லோரும் தாங்களாகவே முடிவுகட்டியிருந்தார்கள்.

சின்னம்மாவுக்கு எழுதுவதில் இருந்த ஆசையைவிட, எழுதியதைப் பற்றி ஊர் என்ன கதைக்கிறது என்று அறிகிற ஆசை பெரிது. தானே போய்க் கேட்க முடியுமா? அதனால் என்னை ஒற்றராக அமர்த்தினார். கேட்டுவந்து சொல்லும் ஒவ்வொரு அபிப்பிராயத்துக்கும் ஒரு தோடம்பழ இனிப்பு. புகழ்ச்சிக்கும் ஒன்று, ஏச்சுக்கும் ஒன்று, அதில் அவர் பாரபட்சம் காட்டியதில்லை.

மீனுக்குக் குரல்வளை இல்லை என்று விஞ்ஞான ரீச்சர் வகுப்பில் குறைப்பட்டார். அப்படி மழையில் நனைந்தும் கழலாத மீசைக்கு என்ன பசை பூசினார்கள் என்று ஓட்டோக்கார அண்ணை கேட்டார், தன் வண்டி ஸ்டிக்கர் ஒரு மாரிக்கே உரிந்துவிட்டதாம். சங்கக்கடை மனேச்சரோ சின்னம்மாவிடமே, "உந்த வாத்தியாருக்குப் பொம்பிளையளின்ரை மனம் விளங்காது" என்றாராம். சின்னம்மா சீனி நிறுத்தபடி, "ஓம், சேர்" என்று தலையாட்டிவிட்டு வந்து, அன்றைக்குத் தனக்குத்தானே ஒரு இனிப்பு எடுத்துக்கொண்டார்.

பிறகு இளவேணியின் ஓடம் பனிக்கடலுக்குள் போனது. அந்தக் கடலில் பனி இரவும் பகலும் கலையாது, போகிறவர்களுக்குத் தங்கள் கையே தெரியாது. மூத்தவள் கரையில் நின்று கூப்பிட்டாள், பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறு முகிலரசி மட்டும் வந்தாள், அதற்கடுத்த ஞாயிறும் அவள் மட்டும்தான். ஊருக்கு மீனும் மீசையும் மறந்துபோய்விட்டன. போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி, இளவேணி எங்கே?

பத்திரிகைக்காரர்களும் பொறுமை இழந்துவிட்டார்கள். தைப்பொங்கலுக்கு முதல் கதையை முடிக்க வேண்டும், இளையவளைக் கொண்டுவருவதா இல்லையா என்று தீர்மானியுங்கள் என்று போனில் சொல்லிவிட்டார்கள். சின்னம்மா வெள்ளைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு, பின்வளவு வாழைகளைப் பார்த்தபடி இருந்தார்.

"என்னாலை அவளைக் கொண்டுவரவும் ஏலாமக் கிடக்கு, சாகக் குடுக்கவும் ஏலாமக் கிடக்கு, அக்கா" என்று ஒருநாள் அம்மாவிடம் சொன்னார். அம்மா கறிக்கு அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சலாக இருந்தது. ஓடத்தைத் திருப்பினால் முடிந்துபோகிற காரியத்துக்கு இவ்வளவு யோசனையா?

அந்தக் கிழமைதான் சின்னம்மா எனக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைக்கக் கொடுக்கச் சந்திக்குக் கூட்டிக்கொண்டு போனார். தையல்கடை மாமி எங்களுக்கு உறவில்லை, எல்லாருக்கும் மாமி. அளவு நாடாவை என் தோளில் வைத்தபடி அவர் தன் கவலையைச் சொல்லத் தொடங்கினார்.

"சனிக்கிழமை ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போனன் பிள்ளை. இளவேணியின்ரை பேரிலை ஒரு அருச்சனை செய்விப்பம் எண்டு. ஐயர் நட்சத்திரம் கேட்டார். எனக்கெங்கை தெரியும்? தெரியாட்டில் சுவாமி பேருக்குச் செய்யலாம் எண்டார். எனக்கு மனம் ஒப்பேல்லை, திரும்பி வந்திட்டன்."

சின்னம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். இன்றைக்கு இரண்டு இனிப்பாவது கேட்கலாம் என்று மனதுக்குள் கணக்கும் போட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"ஆள் உயிரோடை இருக்கோ இல்லையோ தெரியாதே, மாமி. அருச்சனை செய்யலாமே?"

"ஏன் செய்யக்கூடாது? செத்திருந்தா வாத்தியார் எழுதியிருப்பார்தானே. எழுதேல்லை. அப்ப ஆள் இருக்கு." மாமி நாடாவைச் சுருட்டிக்கொண்டார். "இருக்கிற ஆளுக்குச் செய்யிறதுதானே அருச்சனை."

சின்னம்மா மாமியின் மெசினில் கிடந்த நூல்துண்டு ஒன்றைப் பொறுக்கினார். பிறகு, "அவிட்டம்" என்றார். "அவிட்ட நட்சத்திரம், மாமி. முந்தின ஒரு அத்தியாயத்திலை கிடக்கு."

மாமிக்குப் பெரிய சந்தோசம். அளவு எழுதிய துண்டிலேயே அதையும் குறித்துக்கொண்டார்.

எனக்கோ பொறுக்கவில்லை. முதல் அத்தியாயத்திலிருந்து ஒரு வரி விடாமல் வாசித்தவள் நான். வீட்டுக்கு வந்ததும், தேங்காய் திருவிக்கொண்டிருந்த அம்மாவிடம் முறையிட்டேன். "சின்னம்மா மாமிக்குப் பொய் சொன்னவ. கதையிலை எங்கையும் நட்சத்திரம் இல்லை."

"என்ன நட்சத்திரம் எண்டு சொன்னவ?"

"அவிட்டம்."

அம்மாவின் கை நின்றது. பிறகு மறுபடி திருவினார். "கிடக்கும். நீ வடிவா வாசிச்சிருக்க மாட்டாய்" என்றார், அந்தக் கதையில் ஒரு வரிகூட வாசிக்காத அம்மா. வெள்ளை முடிந்து சிரட்டை தெரிந்த பிறகும் திருவிக்கொண்டே இருந்ததால் அன்றைய சம்பலில் சிரட்டைத்தூள் கடிபட்டது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை சின்னம்மா வேலைக்குப் போன பிறகு அம்மா என்னைக் குளிக்கவார்த்து ஆஞ்சநேயர் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அருச்சனைத் துண்டு எடுத்தார். அம்மாவும் கதையில் விழுந்துவிட்டார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஐயர் தட்டை வாங்கி, பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

அம்மா அவிட்டம் என்றார். பெயரை மட்டும் பிழையாகச் சொன்னார். நான் அதுவரை கேள்விப்படாத ஒரு பெயர்.

சேலைத்தலைப்பைப் பிடித்து இழுத்தேன். "அம்மா, பேர் பிழை. இளவேணி."

ஐயர் தட்டோடு காத்து நின்றார். அம்மா என் தலையில் கையை வைத்துக்கொண்டு, "ரெண்டு பேரையும் சொல்லுங்கோ, ஐயா" என்றார். ஐயர் ஒரே நட்சத்திரத்துக்கு இரண்டு பெயரையும் சொல்லி உள்ளே போனார். பிழை விட்டதை மறைக்க அம்மா கெட்டித்தனமாகச் சமாளித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

சின்னம்மாவுக்கும் இளையவளாக அம்மாவுக்கு இன்னொரு தங்கை இருந்தது எனக்குத் தெரியும். குஞ்சியம்மா. வெளியிலே இருக்கிறா என்பார்கள். எங்கள் ஊரில் எந்த வீட்டில்தான் ஒருவர் வெளிநாட்டில் இல்லை? எந்த நாடு என்றோ, ஏன் போன் வருவதில்லை என்றோ நான் கேட்டதில்லை. பதினேழு வயதில் தலைமயிரைக் கட்டையாக வெட்டிக்கொண்டு வீட்டைவிட்டு இயக்கத்துக்குப் போனவர் என்பதும், யுத்தம் முடிந்த பிறகும் அவரைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு சேதியும் வரவில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. அருச்சனையும் செய்யாமல் திவசமும் கொடுக்காமல் எங்கள் வீடு அத்தனை வருடம் இருந்திருக்கிறது. அன்றைக்குக் கோயிலில் அம்மா சொல்லும்வரை அவருடைய பதிவுப் பெயரை ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அன்று மாலை சின்னம்மா சைக்கிளை நிறுத்துமுன்பே ஓடிப்போய்ச் சொன்னேன். "அம்மா இளவேணியின்ரை பேரை மறந்து வேறை பேருக்கு அருச்சனை செய்துபோட்டா."

"என்ன பேர் சொன்னவ?"

சொன்னேன்.

சின்னம்மா சைக்கிள் கைப்பிடியை விடவில்லை. "இன்னொருக்காச் சொல்லு பாப்பம்" என்றார். சொன்னேன். குசினிக்குள் சட்டிச்சத்தம் நின்றுபோயிருந்தது. மூன்றாம் தரமும் கேட்டார், அப்போதும் சொன்னேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு கதை முடிந்தது. இளவேணி வரவுமில்லை, சாகவுமில்லை. முகிலரசி மீசையைக் கழற்றிவிட்டுக் கரையில் விளக்கேற்றி வைத்தாள், பனிக்குள்ளிருந்து துடுப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். வாத்தியாருக்கு முடிக்கத் தெரியவில்லை என்று ஊர் முழுக்க ஏசியது. ஏச்சுகளை ஒன்றுவிடாமல் கொண்டுவந்தும் கொடுக்க இனிப்பு இருக்கவில்லை. ஏனென்றால் அந்தச் சனிக்கிழமை மாலையே, சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போன சின்னம்மா, இனிப்புப் போத்தலை அப்படியே தூக்கிவந்து என் கையில் தந்துவிட்டார். அப்படி என்ன பெரிய அபிப்பிராயத்தைக் கொண்டுவந்துவிட்டேன் என்று விளங்காமலே நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.