நாற்பது பாயிண்ட் மழை

கல்யாணத்துக்கு நாள் பார்ப்பவர்கள்கூட அய்ல்சா ட்ரஸ்கட் அளவுக்குப் பார்க்கமாட்டார்கள். பறவையைப் படமெடுக்கக் கிளம்ப வேண்டுமென்றால் முதலில் காற்று: மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் வீசினால் நீள லென்ஸ் ஆடும். அடுத்து வெயில்: ஒன்பதரைக்கு மேல் கானல் எழும்பி இறகெல்லாம் நெளியும். கடைசியாக மழை. மேற்குக் குவீன்ஸ்லாந்தின் கரிசல் சாலை கொஞ்சம் நனைந்தாலும் சக்கரத்தை விடாது. இவ்வளவும் தினமும் பார்த்து முடித்து, இரண்டு வருடமாக அவள் எங்கேயும் போகவில்லை.

காரணம் மெர்வ் என்று ஊர் நினைத்தது. பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோன கணவன். கூடத்து ஜன்னலோரம் கட்டில், தலைமாட்டில் தொலைபேசி. செவ்வாய்க்கிழமைதோறும் நர்ஸ் டல்சி விடியற்காலையில் வந்து மதியம் இரண்டு மணிவரை அவனைப் பார்த்துக்கொள்வாள். அந்த நேரத்திலும் அய்ல்சா நகரமாட்டாள். காற்று என்பாள், மேகம் என்பாள். எல்லாம் நொண்டிச் சாக்கு. அறுபத்தோரு வயதில் அந்த வீட்டின் மீது, மருந்து டப்பாக்களின் மீது, சில நாள் மெர்வின் மீதே அவளுக்கு வெறுப்பு வந்தது. வெளியே போனால் திரும்பி வர மனசு வருமா என்று அவளுக்கே சந்தேகம். அதை யாரிடம் சொல்ல முடியும்?

இந்தச் செப்டம்பரில் மட்டும் தள்ளிப்போட முடியவில்லை. முப்பது கிலோமீட்டர் தள்ளி, ஓடைக்கு அப்பால், மணல்மேட்டு மரமொன்றில் சாம்பல் வல்லூறு கூடு வைத்திருந்தது. அந்த வட்டாரத்தில் அதைக் கண்ணால் பார்த்தவர்களே சிலர்தான். குஞ்சு இரண்டும் இந்த வாரம் பறந்துவிடும்.

திங்கட்கிழமை வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. ஆனால் ஓடை பிறக்கும் இடத்தில் மழை பெய்தால், இங்கே வெயில் காயும்போதே தண்ணீர் வந்து நிற்கும். அதனால் மேலே பண்ணை வைத்திருக்கும் கிழவர் கிளெம் தொலைபேசியில் சொல்லும் அளவுதான் முடிவு. கிளெம் மழையை இன்னும் பழைய கணக்கில், பாயிண்டில்தான் சொல்வார். அவர் நாற்பது என்றால் பத்து மில்லிமீட்டர். மணல் நனையும், அவ்வளவுதான்.

மணி அடித்தபோது அய்ல்சா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மெர்வ்தான் எடுத்தான்.

“மேல எவ்வளவு பெஞ்சிருக்காம்?” என்று வந்து கேட்டாள்.

“நாப்பது,” என்றான் மெர்வ், கண்ணைத் திறக்காமல்.

மறுநாள் டல்சி ஒரு பெரிய பையோடு வந்தாள். அரை நாளைக்கு எதற்கு இவ்வளவு பெரிய பை என்று அய்ல்சாவுக்குத் தோன்றியது. கேட்க நேரமில்லை. ஆறரைக்கெல்லாம் காய்ந்த ஓடையைக் கடந்துவிட்டாள்.

குஞ்சுகள் கூட்டின் விளிம்பில் நின்று சிறகை அடித்தன. பறக்கவில்லை. கானல் எழும்பிய பிறகும் அவளுக்குக் கிளம்ப மனமில்லை. பத்தரைக்கு ஓடைக்குத் திரும்பி வந்தாள். தலைக்கு மேலே ஒரு மேகம் இல்லை. எதிரே பழுப்புத் தண்ணீர் மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு போனது. கரையோரம் ஒரு குச்சியை நட்டுவிட்டுக் காத்திருந்தாள். பத்து நிமிடத்தில் குச்சியைக் காணோம்.

மணல்மேட்டுக்குத் திரும்பினாள். வண்டியில் ஒரு வாரத்துக்குத் தண்ணீரும் டப்பா உணவும் எப்போதும் இருக்கும். மெர்வுக்கு யார் இருக்கிறார்கள்? இரண்டு மணிக்கு டல்சி போய்விடுவாளே. சாட்டிலைட் போனில் வீட்டைக் கூப்பிட்டாள்.

“டல்சி இங்கதான் இருப்பா,” என்றான் மெர்வ். “அஞ்சு நாளைக்குத் துணி எடுத்துட்டு வந்திருக்கா. நான்தான் நேத்து சொன்னேன்.”

“நேத்தேவா?”

“போன்ல பேசினது கிளெம் இல்ல, அவரு மருமக. அவ மில்லிமீட்டர்லதான் சொல்லுவா.”

நாற்பது மில்லிமீட்டர். கிளெம் கணக்கில் நூற்றறுபது பாயிண்ட்.

“தெரிஞ்சே அனுப்பினியா? நான் ஓடைக்குள்ள இருக்கறப்ப தண்ணி வந்திருந்தா?”

“எட்டு மணிக்கு முன்னால வராது. முப்பது வருஷம் அந்தத் தண்ணியப் பாத்தவன் நான்.” பிறகு சொன்னான்: “நீ ஜன்னல்ல நின்னு வானத்தப் பாக்கறத நான் படுத்துக்கிட்டுப் பாக்கறேன், அய்ல்சா. அப்புறம் திரும்பி என்னப் பாப்ப. அந்த மூஞ்சியையும் பாக்கறேன்.”

அய்ல்சாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மறைத்து வைத்ததாக நினைத்திருந்ததை அவன் இரண்டு வருடமாகத் தினமும் படித்திருக்கிறான்.

“குஞ்சு பறந்துருச்சா?” என்று கேட்டான்.

“இல்ல.”

“அப்ப போன வை.”

வைத்தாள். பழக்கத்தில் காற்றின் வேகத்தைப் பார்க்கப் போனாள், பாதியில் நிறுத்தினாள். வீட்டுக்குப் போக வழியில்லை. படமெடுக்காமல் இருக்கவும் ஒரு சாக்கு மிச்சமில்லை.