ஷம்சாத்தின் பன்னிரண்டு வோல்ட்

குடவாசலுக்கு இரண்டு மைல் தள்ளி, வாய்க்கால் கரையோரம் இருந்தது ஷம்சாத்தின் கடை. கணவர் அப்துல் ஜலீல் துபாயிலிருந்து அத்தரும் சேலையும் கொண்டுவருவார் என்று தெரு எதிர்பார்த்தது. அவர் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அதைக் கழற்றித்தான் அவள் ரிப்பேர்த் தொழில் கற்றாள். கழற்ற ஒரு நாள் ஆனது, மாட்ட ஆறு மாதம்.

பெட்டியைத் திறந்தாலே அவளுக்கு ஒரு மயக்கம் வந்துவிடும். மஞ்சள் கம்பியில் பன்னிரண்டு வோல்ட், சிவப்பில் ஐந்து, ஆரஞ்சில் மூன்றேகால் சொச்சம். பவர் சப்ளையிலிருந்து அவை மதர்போர்டுக்குள் இறங்குவது, ஆற்றுத் தண்ணீர் மதகு மதகாகப் பிரிந்து வயலுக்குப் போவதுபோலத் தோன்றும். மேட்டூர் திறக்காத அந்த ஜூனில், ஊரில் அப்படிப் பாய்ந்தது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான்.

அன்று, தாலுகா ஆபீசில் வருஷத்துக்கொரு முறை நிலக் கணக்குப் பார்க்கும் ஜமாபந்தியின் கடைசி நாள். ஒரு மணிக்குள் மனு கொடுத்தாக வேண்டும். குத்தகைக்கு உழும் அய்யாவு பத்து மணிக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அப்பா காலத்திலிருந்து உழுதுவரும் அஞ்சு மா நிலத்தில், அதாவது ஒன்றரை ஏக்கர் சொச்சத்தில், குத்தகைதாரராகத் தன் பெயரைப் பதியச் சொல்லும் மனு அது. அய்யாவு அந்த வயலில் கால் வைத்ததே இல்லை என்று மிராசுதார் குஞ்சிதபாதம் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்திருந்தார். உழுதவனுக்கே நிலம் என்று முப்பது வருஷமாகச் சுவரில் எழுதியிருந்தது. சுவர் மிராசுதாருடையது. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் அவருடைய மைத்துனர். அதனால்தான் அய்யாவு சொல்லச் சொல்ல ஷம்சாத் இரண்டு நாளாகத் தட்டி வைத்திருந்தாள். இப்போது மனு பெட்டிக்குள் இருந்தது. பெட்டியோ அணைந்து அணைந்து எழுந்தது.

“என்ன தங்கச்சி, கண்ணு முழிக்குது, மறுபடியும் தூங்கிடுது?”

“பவர் சப்ளை போச்சுண்ணே. மாத்திடலாம்.”

“என் மனு?”

“உள்ள பத்திரமா இருக்கு. பெட்டிக்கு எழுந்திரிக்கத்தான் தெம்பு இல்ல.”

பழைய பவர் சப்ளைக்குள் கண்டன்சர்கள் அப்பளமாய் உப்பியிருந்தன. புதியதை வைத்துத் திருகினாள். இருபது கம்பிச் சொருகியை, அதன் கொக்கி விழும்வரை மதர்போர்டில் அழுத்தினாள். பொத்தானைத் தட்டினாள். விசிறி சுற்றியது, திரை இருட்டாகவே இருந்தது. அந்த ரீங்காரத்தில் எங்கோ தூரத்து மடையில் நீர் விழுவதைக் கேட்டபடி நின்றாள்.

“தங்கச்சி! மணி பதினொண்ணு!”

திடுக்கிட்டுக் குனிந்தாள். பிராசசருக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டிய நாலு கம்பிச் சொருகி ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைத்து அதையும் மாட்டினாள். திரை விழித்தது. மீட்டரின் முனைகளை மஞ்சளிலும் கறுப்பிலும் வைத்தாள். பன்னிரண்டு, அசையாத பன்னிரண்டு. சந்தோஷமாகப் பிரிண்டரில் தாளைச் செருகினாள். பெட்டி அணைந்தது.

இந்தத் தடவை சுவர் பிளக்கில் மீட்டரை வைத்தாள். இருநூற்று முப்பது வர வேண்டிய இடத்தில் நூற்று நாற்பது. ஸ்டெபிலைசர் இதற்குமேல் தன்னால் ஆகாதென்று ஏற்கெனவே ஒதுங்கியிருந்தது. வெளியே ஒரு மோட்டார் முனகியது.

“அண்ணே, அது யாரு மோட்டார்?”

அய்யாவு துண்டால் முகத்தைத் துடைத்தார். “நம்மளுதுதான். மூணு பேஸ்ல ரெண்டுதான் வந்துச்சு. கண்டன்சர் போட்டு ஓட விட்டுட்டு வந்தேன்.”

“நல்லாருக்கு! ஒரே டிரான்ஸ்பார்மர். அது இழுக்குற இழுப்புல என் பெட்டி எப்படி நிக்கும்? போய் நிறுத்துங்க.”

“நாத்து காயுதும்மா.”

“நாத்தை நட வயலு வேணாமா?”

அவர் சைக்கிளை மிதித்தார். மிராசுதார் சொன்னது உண்மையென்றால் அந்த வயலில் யாருமே இல்லை. யாருமில்லாத வயலின் மோட்டார்தான் தெருவையே மங்க வைத்திருந்தது.

ஷம்சாத் மீட்டரைப் பார்த்தபடி இருந்தாள். முனகல் நின்றது. நூற்று எண்பது, இருநூறு, இருநூற்றுப் பதினைந்து. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதென்றே நினைத்து எட்டிப் பார்த்தாள். ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

பெட்டியை எழுப்பினாள். மனு பிரிண்டரில் வரி வரியாக இறங்கியது. அய்யாவு திரும்பியபோது முழங்கால்வரை சேறு.

“ஆபீசரைப் பாக்கப் போறீங்க, காலைக் கழுவிக்குங்க.”

“அதுக்கெல்லாம் நேரமில்ல தங்கச்சி.”

மூன்று மணிக்கு வந்து நடந்ததைச் சொன்னார். அதிகாரி மிராசுதாரின் கடிதத்தைப் படித்தாராம். பிறகு குனிந்து, சேறு அப்பிய இவர் காலைப் பார்த்தாராம்.

“எங்கேருந்து வர்றேன்னு கேட்டாரு. வயல்லேந்துங்கன்னேன். வர்ற புதன்கிழமை வயலுக்கே வந்து விசாரிக்கிறேன்னு மனுவுல எழுதிட்டாரு.”

புதன்கிழமை பார்க்கப் பச்சையாக ஏதாவது இருக்க வேண்டுமே என்று அவர் உடனே கிளம்பினார். சற்று நேரத்தில் மோட்டார் முனகியது, டியூப்லைட் சிமிட்டியது, பெட்டி அணைந்தது. ஷம்சாத் இருட்டுத் திரைக்கு எதிரில் உட்கார்ந்து, நாற்றங்காலில் தண்ணீர் ஏறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.