திரும்ப வைத்த குதிரை

என் வீட்டுக்காரர் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கிரேன் ஓட்டியவர். செஸ்ஸில் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு தொடக்கம்தான். இரண்டாவது நகர்த்தலிலேயே ராஜா பக்கத்துச் சிப்பாய் ஒன்றைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு, எதிராளியை அடித்து நொறுக்கப் போவதாகக் கிளம்புவார். நொறுங்குவது எப்போதும் அவர்தான். ராயபுரத்தில் வருஷா வருஷம் நடக்கும் போட்டியில் முதல் சுற்றைத் தாண்டியதே இல்லை.

வீட்டில் அவர் பழகுவதற்கு நான்தான் கறுப்பு. கொடுத்த சிப்பாயை வெட்டுவேன். அவர் குதிரையை இறக்குவார். நான் இன்னொரு சிப்பாயைத் தள்ளித் தள்ளி அதைத் துரத்துவேன். உடனே மனிதருக்குப் பேஜாராகிவிடும். "இரும்மே, இரு. தப்பா பூட்ச்சு. திருப்பி வச்சிக்கிறேன்" என்று குதிரையைத் தூக்கிப் பழைய இடத்தில் வைப்பார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். அதற்கு மேல் எங்கள் ஆட்டம் போனதே கிடையாது.

இந்த வருஷமும் பெயர் கொடுத்திருந்தார். போட்டிக்கு முன்னாலேயே மாரடைப்பு. மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். அவர் இடத்தில் நான் ஆடுகிறேன் என்று போட்டி நடத்துகிறவர்களிடம் கேட்டேன், சரி என்றார்கள். நாத்தனார்தான், "இந்த நேரத்துல இன்னா செஸ்ஸு வேண்டிக்கீது?" என்றாள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தத் தொடக்கத்தை வைத்து ஒரு ஆட்டமாவது அவருக்காக ஜெயித்துவிட வேண்டும் என்று இருந்தது எனக்கு.

எனக்கு வெள்ளை வந்தது. எதிரே எர்ணாவூர்ப் பையன், காலேஜ் படிக்கிறவன். சிப்பாயைக் கொடுத்தேன், வெட்டினான். குதிரையை இறக்கினேன், துரத்தினான். என் கை தானாகக் குதிரையைத் தூக்கி, அது முதலில் நின்ற கட்டத்திலேயே வைத்துவிட்டது. சிப்பாயையும் திருப்பி வைக்கக் கை நீட்டியபோது அவன் மெல்லச் சொன்னான்: "அக்கா, குதிரைய வெச்சுட்டு கைய எடுத்துட்டீங்க. அதான் உங்க மூவ்."

சட்டப்படி அவன் சொன்னது சரிதான். குதிரை அங்கேயே முடங்கிக் கிடந்தது. நான் தோற்றேன்.

கை கொடுக்கும்போது கேட்டான்: "இந்த ஓபனிங் யாருக்கா சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லிக் குடுக்கலப்பா. எதிர்ல குந்திகினு பாத்ததுதான்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவர் உட்காரும் வெள்ளைப் பக்கத்தில் நான் முதல் தடவை உட்கார்ந்தது அன்றுதான். அங்கிருந்து தலையை நிமிர்த்தினால் அவருக்கு எதிரில் நான் இருந்தேன். எனக்கு அவர் இல்லை.