சைக்கிளுக்குப் பாரம் ஆகாது

எனக்கு நான்காவது பிள்ளை பிறந்த பிறகு, தும்மினால் புடவை நனைந்தது. குடத்தை இடுப்பில் ஏற்றினால் அடியில் ஏதோ நழுவி வெளியே எட்டிப் பார்த்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் இரும்புலியூரில் இதைப் போய் யாரிடம் சொல்வது? பக்கத்து வீட்டு அக்காவிடம் காதோடு காதாகச் சொன்னேன். "சிரிக்காம இரு, தானா சரியாப் பூடும்" என்றார். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். உடனே எழுந்து வீட்டுக்கு ஓட வேண்டியதாயிற்று.

தாம்பரத்து டாக்டரம்மா பார்த்துவிட்டு, கர்ப்பப்பை இறங்குகிறது என்றார். பிள்ளைகள் அடுத்தடுத்துப் பிறந்தது, உடம்பு தேறுவதற்குள் தண்ணீர் சுமந்தது, விறகுப் புகையில் ஓயாமல் இருமியது எல்லாம் சேர்ந்து செய்த வேலையாம். "இனிமேலும் வெயிட் தூக்கினா ஆபரேஷன்தான்" என்றார். கத்தி என்றாலே எனக்குப் பாதி உயிர் போய்விடும்.

என் கணவர் ஓர் ஆபீசில் குமாஸ்தா. கணக்கில் புலி. ரொம்ப யோசித்து, பெரிய பித்தளைக் குடத்தைப் பரணில் ஏற்றிவிட்டு, சின்னதாக அலுமினியக் குடம் ஒன்று வாங்கி வந்தார். "பாதி வெயிட்தான். இனிமே உனக்குக் கவலையில்ல" என்றார். எங்கள் வீட்டுக் கிணறு உப்பு. நல்ல தண்ணீர்க் கிணறு ஏரிக்கரையில் இருந்தது. குடம் பாதியானதில் என் நடை இரண்டு மடங்கானது. மனிதர் முகத்தில் அப்படி ஒரு பெருமை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க, நீங்க சைக்கிள்ல கொண்டு வரக் கூடாதா?" என்று கேட்டேன்.

ஆம்பிளை தண்ணீர் எடுத்தால் தெரு சிரிக்கும் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு. சைக்கிளுக்குப் பாரம் ஆகாதாம். பின்சக்கரக் கம்பி வளைந்துவிடுமாம். போன வாரம்தான் பிரித்து எண்ணெய் போட்டதாம், கொஞ்ச நாள் அதற்கு ஓய்வு வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதைத் துடைத்து, வெயில் படாமல் சாக்கு போர்த்தி வைப்பார். கொடுத்து வைத்த சைக்கிள்.

மாமியார் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் உட்கார்ந்து வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. திமிர் என்று நினைத்திருந்தேன். முறத்தைத் தொப்பென்று கீழே போட்டார்.

"டேய், உன்னப் பெத்த பச்ச ஒடம்போட கெணத்துல தண்ணி எறச்சவடா நானு. அன்னிலேர்ந்து எனக்கும் எறங்கிக்கினுதான் கீது. கையால உள்ள தள்ளிக்கினு நாத்து நட்டேன். கம்பி வளஞ்சா கடைல மாத்திக்கலாம். எடுடா சைக்கிள!"

கணவர் சாக்கை உருவிப் போட்டுவிட்டு சைக்கிளை எடுத்தார். அன்று முதல் தண்ணீர் சைக்கிளில் வந்தது. கம்பி வளையவில்லை. எனக்கு ஆபரேஷனும் தேவைப்படவில்லை.

மாமியாரைத்தான் வற்புறுத்தி டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். திரைக்குப் பின்னால் பார்த்துவிட்டு வந்த டாக்டரம்மா என்னைப் பிடித்துக் கத்தினார். "இவ்ளோ முத்துற வரைக்கும் வீட்ல என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

புடவையைச் சரி செய்துகொண்டு வந்த மாமியார், "அந்தப் பொண்ணத் திட்டாதம்மா. இது ஒரு நோவுன்னு எனக்கே இப்பதான் தெரியும்" என்றார்.